கோட்டுப் போட்ட அப்பா

மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை மீட்டரைக் கண்ணால் பார்த்தார் என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. நாய் இருக்கும் வீட்டுக்குள் போகமாட்டார். இரண்டாவது மாடி என்றால் ஏறமாட்டார். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, போன மாத எண்ணோடு உத்தேசமாக ஒன்றைக் கூட்டி எழுதி, டீ ஆறுவதற்குள் தெரு முழுவதையும் முடித்துவிடுவார். பூட்டிக் கிடந்த வீடு ஒன்றுக்கு மாதாமாதம் பில் ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வந்து சத்தம் போட்டபோது, "ஆள் இல்லாதது மீட்டருக்கு எப்படி சார் தெரியும்?" என்று திருப்பிக் கேட்ட மனிதர். இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் சரித்திர ஆராய்ச்சியில் இறங்கினார் என்றால் சரித்திரத்தின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதற்குக் காரணம் சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையின் கொள்ளுத் தாத்தா ஆளுயரப் படத்தில் நிற்கிறார். கையில் தடி, காலடியில் ஒரு நாய். நாயின் பெயரைக்கூட அந்தக் குடும்பம் நினைவில் வைத்திருக்கிறது. மீட்டர்காரர் போகும்போதெல்லாம் சம்பந்தி அந்தப் படத்தின் கீழே நாற்காலியைப் போட்டுத்தான் உட்காரவைப்பார்.

"எங்க தாத்தா. அந்தக் காலத்துலயே கார் வச்சிருந்தவரு. உங்க பக்கம் எப்படி?"

"அப்பா பஸ் டிப்போவுல இருந்தாரு" என்பார் மீட்டர்காரர். என்னவாக இருந்தார் என்று சொல்லமாட்டார்.

ஒரு தடவை சம்பந்தியே, "மேனேஜரா?" என்று எடுத்துக் கொடுத்தார். மீட்டர்காரர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தார். வினை அங்கேதான் முளைவிட்டது.

அப்பா டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவர். இவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். அக்காவுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் இருந்த ஒரே படம் சுவர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அம்மா பிரித்துப் பார்த்தபோது முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. அம்மா பதறிப்போய் அதை முந்தானையால் துடைக்க, இருந்ததும் போயிற்று. அதன்பிறகு அந்த வீட்டில் அப்பாவின் முகம் அக்காவின் நினைவில் மட்டும்தான் இருந்தது. அந்த அக்காதான் பள்ளிக்கூடத்துச் சீருடை தைத்துத் தைத்துத் தம்பியைப் படிக்கவைத்தாள், கல்யாணம் செய்துவைத்தாள், இப்போது அவர் வீட்டுப் பின்னறையில் தையல் மெஷினோடு இருக்கிறாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். தம்பி ஆவணக் காப்பகத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அங்க டிப்போ படமெல்லாம் இருக்குமாடா? அப்பா எதுலயாவது நிக்கிறாரான்னு பாரு. அந்த முகத்த இன்னொரு தடவ பார்த்துட்டாப் போதும் எனக்கு."

அக்காவுக்கு அப்பாவின் முகம் வேண்டும். தம்பிக்கு அப்பாவின் பதவி வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நகர ஆவணக் காப்பகம் ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த கட்டடத்தில் இருந்தது. பையை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். தண்ணீர் பாட்டில் கூடாது. தும்மல் வந்தால் எழுந்து போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டையும் தாங்கிக்கொண்டு தினமும் வருகிற கூட்டம் ஒன்று அங்கே உண்டு. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் எதையாவது நிரூபிக்க வந்தவர்கள். வீட்டில் தன் பேச்சு எடுபடாமல் போன பிறகுதான் மனிதனுக்கு முன்னோர் மேல் பாசம் பொங்குகிறது. செத்தவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள் அல்லவா? ஒரு டீச்சரம்மா, தன் கொள்ளுத் தாத்தா மீது அவருடைய தம்பி சாக்கடைத் தகராறில் வழக்குப் போட்டதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்தத் தம்பியின் பேத்தியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதுவரை இருவரும் ஒன்றாகத்தான் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள்.

மீட்டர்காரர் இந்தக் கூட்டத்தோடு பாலும் தண்ணீருமாகக் கலந்தார். எதற்கெடுத்தாலும் "வரலாறு என்ன சொல்லுதுன்னா" என்று ஆரம்பிப்பார். ஆகவே அவருக்கு அங்கே வரலாறு என்றே பெயராகிவிட்டது. "வரலாறு இன்னைக்கு லேட்டு", "வரலாறு டீ குடிக்கப் போயிருக்கு" என்று பேசிக்கொள்வார்கள்.

புதன்கிழமைகளில் காப்பகத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். யாரென்று தெரியாத ஆட்கள் உள்ள பழைய புகைப்படங்களை நீள மேசையில் பரப்பிவைப்பார்கள். யாருக்காவது யாரையாவது அடையாளம் தெரிந்தால் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்: இவர் இன்னார், எனக்கு இன்ன உறவு. அதன் கீழே அந்தக் குடும்பத்தை அறிந்த இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதுவே படத்தின் விளக்கமாகிவிடும். விதி நல்ல விதிதான், செய்தவர்களுக்கு மனிதர்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. சாட்சி வேண்டும் என்றதும் வாசகர் அறையில் எல்லோரும் எல்லோருடைய குடும்பத்தையும் அறிந்தவர்களாகிவிட்டார்கள். "எனக்கு ஒண்ணு போடுங்க, உங்களுக்கு ஒண்ணு போடறேன்" என்று ஆரம்பித்து, கடைசியில் அந்த மேசையில் மீசையோடு கம்பீரமாக நின்ற எந்த ஆணும் அநாதையாக இருக்கவில்லை. ஒல்லியாக, ஓரமாக, அழுக்குத் துணியோடு நின்றவர்களைத்தான் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

அப்படி ஒரு புதன்கிழமையில் மீட்டர்காரர் தன் அப்பாவைக் கண்டுபிடித்தார். டிப்போ திறப்பு விழாப் படம். முதல் பஸ்ஸின் பக்கத்தில் ஒருவர் கோட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸையே தான்தான் பெற்றதுபோல நிற்கிறார். பார்த்ததும் மீட்டர்காரருக்கு நெஞ்சு விம்மியது. ரத்தம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டார். பேசியது ரத்தம் இல்லை, சம்பந்தி.

கைபேசியில் அதைப் படமெடுத்து வந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"இவரு அப்பா இல்லடா."

"நல்லாப் பாருக்கா."

"நல்லாத்தான் பார்த்தேன். அப்பா இவ்வளவு உசரம் இல்ல. அப்பாவுக்குக் காது பெருசு, விடைச்சுக்கிட்டு நிக்கும், உன்ன மாதிரியே. முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்கும். பஸ் கதவு அடிச்சு ஒடஞ்சது. இவரு யாரோ பெரிய ஆளு."

"உனக்கு அப்போ எட்டு வயசு. உனக்கென்ன தெரியும்?"

"உனக்கு ரெண்டு வயசு."

"அதனாலதான் நான் ஆராய்ச்சி பண்றேன். நினைவு பொய் சொல்லும்க்கா, ஆவணம் பொய் சொல்லாது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "என்னைக் கூட்டிட்டுப் போடா, நானே தேடறேன்" என்றாள்.

"படி ஏறணும்க்கா. உன் முட்டிக்கு ஆகாது."

காப்பகத்தில் லிப்ட் இருந்தது. ஒரு நாளும் பழுதானதில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் கிடைத்தார். மேனேஜருக்கு வேறு கஷ்டம். தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். புத்தகத்துக்கு 'கீழிருந்து மேலே' என்று தலைப்பும் வைத்துவிட்டார். மேலே வந்ததில் சந்தேகமில்லை. கீழேதான் கிடைக்கவில்லை. அவருடைய அப்பா துணிக்கடை முதலாளி, இரண்டு வீடு, வாசலில் வண்டி. மேனேஜர் பிறந்ததே மெத்தையில். ஏழைத் தகப்பன் இல்லாமல் எப்படி முன்னுரை எழுதுவது என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். இல்லாதவனுக்கு ஒரு கவலை, இருக்கிறவனுக்கு ஆயிரம் கவலை என்று சும்மாவா சொன்னார்கள்?

மேனேஜர் மேசையின் ஓரத்திலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி, கையில் நீளத் துடைப்பத்தோடு பஸ் கழுவுகிற நாலைந்து பேர். நடுவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த முகம் அட்டைக்கு நல்லா இருக்கும்ல, வரலாறு? நம்ம அப்பாகூட கடை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இப்படி ஏதோ கஷ்டப்பட்டிருப்பாருன்னுதான் நினைக்கிறேன். எல்லாரும் கஷ்டப்பட்டுத்தானே வந்திருப்பாங்க?"

"பின்னே? கஷ்டப்படாம எப்படி?"

"அப்ப ஒரு சாட்சி போடுங்க. உங்களுக்கு நான் போடறேன்."

சீட்டுகள் கைமாறின. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மீட்டர்காரர் படத்தையே பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் 'டிப்போ கண்காணிப்பாளர், என் தந்தை' என்று எழுதியிருந்த தன் சீட்டில் மேனேஜர் கையெழுத்துத் தெளிவாக விழுகிறதா என்பதில்தான் இருந்தது. மேனேஜரின் சீட்டில் தன் பங்குக்குக் கிறுக்கினார். 'இக்குடும்பத்தை நன்கு அறிவேன்' என்று வேறு எழுதினார். அறிந்த குடும்பம்தான், சந்தேகமில்லை.

சில மாதங்களில் கோட்டுக்காரர் மீட்டர்காரர் வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்கினார். சட்டம் சம்பந்தி அன்பளிப்பாகக் கொடுத்தது. "இவ்வளவு பெரிய மனுஷன வச்சுக்கிட்டு இத்தனை நாள் சொல்லாம இருந்திருக்கீங்களே!" என்று சம்பந்தி கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா அந்தக் கூடத்தைக் கடக்கும்போது படத்தின் பக்கம் திரும்புவதில்லை. வீட்டில் வேற்று ஆண் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பதுபோல ஒதுங்கிப் போனாள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காப்பகத்தார் அடையாளம் தெரிந்த படங்களையெல்லாம் வைத்துக் கண்காட்சி ஒன்று நடத்தினார்கள். அதே மேடையில் மேனேஜரின் புத்தக வெளியீடும் சேர்ந்துகொண்டது. மீட்டர்காரர் பேச வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள்: 'டிப்போ கண்காணிப்பாளரின் புதல்வர்'. சம்பந்தி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அக்காவை விட்டுவிட்டுப் போனால் சம்பந்தி கேட்பார் என்று, மீட்டர்காரர் வேறு வழியில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். லிப்டில் ஏறும்போது அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி பொத்தான்களைப் பார்த்தார்.

கூட்டம் கோட்டுக்காரர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. அக்கா தனியாகச் சுவரோரமாக நடந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள். மூலையில் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். நின்றவள் நகரவில்லை. மீட்டர்காரர் ஏதோ மயக்கம் என்று பயந்து ஓடினார்.

அக்கா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதோ இருக்காருடா அப்பா. பல்லப் பாரு. நான் சாப்பாடு கொண்டுபோனா தூரத்துலயே பார்த்துட்டு இப்படித்தான் சிரிப்பாரு. உன்னத் தோள்ல வச்சுக்கிட்டு இதே சிரிப்புத்தான்."

மீட்டர்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு படத்தைப் பார்த்தார். விடைத்த காது. அகன்ற நெற்றி. மோவாயில் குழி. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான், இருபது முப்பது வயது குறைவாக, பாதிப் பல்லோடு. கீழே விளக்கம்: வங்கி மேனேஜரின் தந்தை. சாட்சி என்ற இடத்தில் அவருடைய பெயர், அச்சில், கொட்டை எழுத்தில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். பெற்ற அப்பனைக் கையெழுத்துப் போட்டு அடுத்தவனுக்குக் கொடுத்தவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்தில் புத்தகம் விநியோகித்துக்கொண்டிருந்த மேனேஜரின் மருமகள், கையிலிருந்த அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அங்கிள், எங்க மாமாவோட அப்பா அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்காரே! சொந்தமா நீங்க?" என்று கள்ளங்கபடமில்லாமல் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மைக்கில் அழைத்தார்கள். டிப்போ கண்காணிப்பாளரின் புதல்வர் மேடைக்கு வர வேண்டும்.

"போய்ச் சொல்லுடா" என்றாள் அக்கா. "தப்பாப் போச்சு, எங்க அப்பா இவருதான்னு சொல்லு. இத்தனை பேரு இருக்காங்க. நல்லாக் கேக்கட்டும்."

முன்வரிசையில் சம்பந்தி காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் இவரைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் மேடை ஏறினார். ஒரு நொடி மூலையைப் பார்த்தது உண்மை. வாயைத் திறந்தார்.

"என் தந்தை கண்டிப்பானவர். அவருடைய கோட்டில் ஒரு சுருக்கத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை..."

கைதட்டல் நன்றாக வந்தது. சம்பந்தி எழுந்து நின்று தட்டினார்.

அவர் இறங்கி வருவதற்குள் அக்கா காப்பக அதிகாரியைப் பிடித்துவிட்டாள். அதிகாரி இளம்பெண், பொறுமைசாலி. கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மாத்தலாம்மா. ஆனா நீங்க சொல்றதுக்கு ஒருத்தர் சாட்சி வேணும். உங்க தம்பியே சொன்னா, அவரு போட்டத அவரே ரத்து பண்ணிடலாம்."

"வந்துட்டான். டேய், சொல்லுடா."

சம்பந்தி அதற்குள் வந்து மீட்டர்காரரின் தோளில் கைபோட்டிருந்தார். அந்தப் பக்கம் மேனேஜர் வெளிறிப்போய் நின்றார். ஆயிரம் பிரதி அச்சடித்த மனிதர், பாவம். எல்லோரும் மீட்டர்காரரின் வாயையே பார்த்தார்கள்.

"அக்காவுக்கு வயசாயிடுச்சு மேடம்" என்றார் அவர். "இப்பல்லாம் கொஞ்சம் நினைவு தடுமாறுது. பார்க்கிறவங்களெல்லாம் அப்பான்னு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அதிகாரி, "பரவாயில்லம்மா, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அக்கா தண்ணீர் குடிக்கவில்லை. மருமகளின் கையிலிருந்து ஒரு புத்தகத்தை வாங்கினாள். முன்னட்டையைத் திருப்பி, தையல் பிரிக்கிற லாவகத்தோடு முதுகுவரை நிதானமாகக் கிழித்து எடுத்தாள். அட்டை முழுக்க அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மீதிப் புத்தகத்தை மேனேஜரிடம் நீட்டினாள்.

"இது உங்களுது, வச்சுக்குங்க" என்றாள். அட்டையைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தனியாகப் படியில் இறங்கிப் போனாள். முட்டி வலித்திருக்கும். லிப்டுக்கு நிற்கவில்லை.

அதன்பிறகு பின்னறைக் கதவு மூடியே இருந்தது. மெஷின் சத்தம் கேட்கும், சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். பேச்சு இல்லை. மனைவி, "போய்க் கால்ல விழுங்க" என்றாள். மீட்டர்காரர், "வரலாறுன்னா கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் கோட்டுக்காரர் மேலிருந்து பார்க்கிறார். யாரோ எவரோ, எந்த ஊர்க்காரரோ, அவருக்கும் எங்கோ பிள்ளைகள் இருக்கும். அந்தப் பார்வை பிடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சம்பந்தி வருகிற நாளில் மட்டும் திரும்ப நேராகப் போடுவார்.

ஆனால் பார்த்த முகம் விடவில்லை. அறுபது வருடம் இல்லாமலே இருந்துவிட்ட அப்பா, ஒரு நிமிடம் சிரித்துவிட்டுப் போனதும் வேண்டும் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காப்பகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே மேனேஜர் இருப்பார். கடைசியில் ஒரு மத்தியான வேளையில் பின்னறைக் கதவைத் தட்டினார்.

தாழ் போடாமல்தான் இருந்தது. அக்கா மெஷினில் எதற்கோ ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு நேர் எதிரே, அவள் நிமிர்ந்தால் படுகிற உயரத்தில், அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். புத்தகத் தலைப்பு இருந்த இடத்தில் நீலத் துணி ஒன்றை வைத்து, அது தெரியாமல் மறைத்திருந்தாள். அப்பா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, யாரோ தூரத்தில் சாப்பாட்டோடு வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மீட்டர்காரர் கிட்டே போய் நின்றார். காதைப் பார்த்தார், மோவாயைப் பார்த்தார், உடைந்த பல்லைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, சின்னப் பையன் கேட்பதுபோல அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"நான் அப்படியே அப்பா மாதிரி இருக்கேன்ல அக்கா?"

அக்கா மெஷினை நிறுத்தினாள். சுவரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். முன்னால் நின்ற முகத்தைப் பார்த்தாள்.

"மூஞ்சி மட்டும்" என்றாள்.